முன்குளிர்வு நாற்காலி

அனுப்புநர்: தங்கள் தங்கையின் கணவன், குளிர்பதனக் கிடங்கு மேற்பார்வையாளர் (ஓய்வு), படுக்கையறை, உள்பக்கம்.

பெறுநர்: பல் மருத்துவர் அவர்கள், எனக்கு மச்சான் முறை.

பொருள்: கதவை வெளியிலிருந்து தள்ளித் திறக்கக் கோருவதும், திறப்பதற்கு முன் என் தரப்பைக் கேட்கக் கோருவதும்.

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் இந்த அறையில் இப்போது பதினெட்டு டிகிரி. நான் பனியனும் லுங்கியுமாக, ஜன்னல் திரையைக் கழற்றிப் போர்த்திக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே என் நலத்தை நிலுவையில் வைத்துவிட்டு, தங்கள் நலத்தையும் வீட்டில் உள்ளவர்கள் நலத்தையும் முறைப்படி விசாரித்துக்கொள்கிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு மணிக்குத் தங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவதாகக் காலையில் போனில் சொன்னீர்கள். வருவீர்கள், வாசலில் மணி அடிப்பீர்கள், நான் வந்து திறக்க மாட்டேன். இது வீம்பு அல்ல மச்சான். இந்தப் படுக்கையறைக் கதவின் கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது. உள்ளே இருப்பவன் இழுத்தால்தான் இது திறக்கும், இழுக்கப் பிடி இல்லை. வெளியிலிருந்து யாராவது தள்ளினால் திறக்கும், தள்ள ஆள் இல்லை. தங்கையிடம் வாசல் சாவி இருக்கிறது. இருந்தும் அவள் அதைப் போட்டுத் திறக்க மாட்டாள். போகிற அன்று வாசற்படியில் பையோடு நின்று, "நீங்களா வந்து கதவத் திறந்து, வான்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் இந்த வீட்டுக்குள்ள கால் வெப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள். அவள் பிடிவாதம் தங்களுக்குத் தெரியாததா. மணி அடித்தும் நான் வரவில்லை என்றால், வேண்டுமென்றே உள்ளே உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் நினைப்பாள். படி இறங்கிவிடுவாள். இந்த முறை இறங்கினால் திரும்ப ஏற மாட்டாள். குளிரில் நடுங்குவதைவிட அதை நினைத்துத்தான் அதிகம் நடுங்குகிறேன்.

என்ன நடந்தது என்று தங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். போன வாரத்திலிருந்து தங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பகலெல்லாம் தங்கள் கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதாகவும் கேள்வி. அங்கே ஏசி நன்றாக ஓடும், யாரும் கதவு மேல் கண் வைத்திருக்க மாட்டார்கள். ஒன்று விடாமல் கொட்டியிருப்பாள். காலையில் தாங்கள் போனில் பேசிய தொனியிலேயே தெரிந்துவிட்டது. "நீங்க கவனிச்சிருக்கணும். இவ்ளோ நாள் விட்டிருக்கக் கூடாது" என்றீர்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவள் சொன்னது எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது தங்களைப் போன்ற படித்தவர்களுக்கு அழகல்ல. அதனால் என் தரப்பையும் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று கிடங்கில் எனக்கு இந்த ஏசியைத்தான் பரிசாகக் கொடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் குளிரில் நின்றவனுக்கு வெயில் தாங்காது என்று நினைத்திருப்பார்கள். தங்கள் தங்கைக்கு வாயெல்லாம் பல். அடுப்படியிலும் தையல் மெஷினிலும் வெந்துகொண்டிருந்தவள், முதல் நாள் இந்த அறைக்குள் வந்து, கைகளை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். நானும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதன் பிறகு மின் கட்டணச் சீட்டு வந்தது. தொகையை எழுதித் தங்கள் மனத்தைப் புண்படுத்த விரும்பவில்லை. அதை விடுங்கள், பணம் கூட இரண்டாம் பட்சம். கிடங்கில் மின்சாரச் சிக்கனத்துக்குக் கேடயம் வாங்கிய ஒரே மேற்பார்வையாளர் நான். ஒரு கிடங்கு நிறையக் குளிரை அடக்கி வைத்தவனால் ஒரு படுக்கையறைக் குளிரை அடக்க முடியவில்லை என்றால் வெளியில் தலைகாட்ட முடியுமா? மீட்டருக்கு முன்னால் போய் நின்றேன். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஆடிப்போனேன்.

ஆரம்பத்தில் நியாயமாகத்தான் செய்தேன் மச்சான், தாங்களே சொல்லுங்கள். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன், ஒரு தலையணைக்குத் தேவையான தூசி வந்தது. இருபத்தாறு டிகிரியில் வைத்து மேலே பேனையும் மெதுவாகச் சுற்ற விட்டால், இருபத்திரண்டில் வைத்த சுகம் பாதிச் செலவில் கிடைக்கும் என்று எடுத்துச் சொன்னேன். அவளும் சரி என்றாள். வெயில் விழும் ஜன்னலுக்குக் கனமான திரை தைத்துக் கொடுத்ததே அவள்தான், இப்போது நான் போர்த்தியிருப்பது அதைத்தான். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நான் ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்து தங்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன். நிறுத்தவில்லை. வெளியே மாட்டியிருக்கும் ஏசிப் பெட்டி வெயிலில் காய்கிறதே, நிழல் கொடுத்தால் அதற்கு வேலை குறையுமே என்று, நல்ல பெரிய குடையாக ஒன்றை எடுத்து அதன் மேல் விரித்துக் கட்டினேன். நிழல் நல்ல விஷயம்தான். ஆனால் நான் கட்டிய விதத்தில் பெட்டிக்கு மூச்சு முட்டிவிட்டது. அது விட்ட சூட்டுக் காற்றை அதுவே திரும்பக் குடித்து, உறுமி, ஒரேயடியாகக் காற்றைத் தள்ளியதில் கட்டு அவிழ்ந்து குடை கீழே போனது. கீழ் வீட்டு வக்கீல் பின்பக்க முற்றத்தில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை. பெரிய காயமில்லை. ஆனால் அன்றையிலிருந்து அவர் என்னிடம் வாயால் பேசுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். படியில் எதிரே பார்த்து வணக்கம் சொன்னால்கூட, "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா குடுங்க" என்கிறார்.

அடுத்து மணி. கிடங்கில் ஒவ்வொரு கதவிலும் ஒரு மணி இருக்கும். கதவு கொஞ்ச நேரத்துக்கு மேல் திறந்திருந்தால் ஊரைக் கூட்டும். குளிர் போவது கதவு வழியாகத்தான், அதில் சந்தேகமே இல்லை. அதனால் பழைய மணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து இந்தக் கதவில் பொருத்தினேன். நான் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. தங்கள் தங்கை நீளமாகப் பேசுபவள். எந்தப் பேச்சையும் அறை வாசலில் நின்று, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு பேசுபவள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். எதிர் வீட்டுக்காரி என்ன சொன்னாள், அதற்கு இவள் என்ன சொன்னாள், துணிக்கடைக்காரர் எப்படி விழித்தார் என்று வாசலில் நின்றபடிதான் எனக்குச் செய்தி வாசிப்பாள். மணி வந்த பிறகு, "ஏங்க, இன்னிக்கு அந்த எதிர் வீட்டம்மா வந்து" என்பதற்குள் அது அலறும். கதவைச் சாத்துவாள். மறுபடி திறந்து, "என்ன சொன்னாங்கன்னா" என்பாள். அலறும். இரண்டு நாள் துண்டு துண்டாகப் பேசிப் பார்த்தாள். பிறகு "சாப்பாடு" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போக ஆரம்பித்தாள். வீடு கப்சிப்பென்று ஆகிவிட்டது. நான் அதை முன்னேற்றம் என்று நினைத்தேன். அன்றைக்கு மீட்டர் எவ்வளவு மெதுவாக ஓடியது தெரியுமா?

அதன் பிறகு நடந்ததுதான் விஷயம். அவள் தங்களிடம் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள், நான் அழாமல் சொல்கிறேன். குளிர் அறைக்கு முதல் எதிரி வெளியிலிருந்து வரும் சூடு. சூட்டை உள்ளே கொண்டு வரும் பொருள்களை ஒவ்வொன்றாக வெளியேற்றினேன். இஸ்திரிப் பெட்டி போனது. தையல் மெஷினின் மோட்டார் சூடாகும், அதனால் மெஷின் அடுப்படிப் பக்கம் போனது. என் போனும் சார்ஜரும் சமையலறை மேடைக்குப் போயின. அடுத்தது ஆட்கள். ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு பெரிய குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடுவார், இது கிடங்கில் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்த பாடம். அடுப்படியிலிருந்து நேரே வரும் ஒருவர் விடும் சூட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிடங்கில் வெளியிலிருந்து வரும் சரக்கை நேராக உள்ளே விட மாட்டோம். முன்னறையில் வைத்து, அதன் சூட்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே தள்ளுவோம். அதற்கு முன்குளிர்வு என்று பெயர். அதனால் படுக்கையறைக்கு வெளியே, ஹால் பேனுக்கு அடியில், ஒரு நாற்காலியைப் போட்டேன். நல்ல நாற்காலிதான், மெத்தை வைத்தது.

சமையல் முடிந்து வந்தவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். "எனக்கா போட்டீங்க?" என்றாள். "ஆமா, உக்காரு, கொஞ்ச நேரம் காத்தாட இரு" என்றேன். உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பரவால்லையே, இவ்வளவு வருஷத்துல இன்னிக்குத்தான் நான் வேல செஞ்சு களைச்சு வர்றது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்க வேண்டும். மச்சான், எனக்கு வாய் சும்மா இருக்காது. விளக்கம் சொன்னேன். முன்குளிர்வு என்றால் என்ன, சரக்கின் சூடு எப்படி இறங்கும், இறங்காமல் உள்ளே விட்டால் இயந்திரத்துக்கு எவ்வளவு பாரம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசாமல் இருக்கிறாளே என்று நானும் உற்சாகமாகச் சொன்னேன். முடித்ததும் எழுந்து நின்று, "அப்ப நான் என்ன உருளைக்கிழங்கா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கும் நான் பதில் சொன்னேன். "உருளைக்கிழங்குன்னா இன்னும் ரொம்ப நேரம் ஆகும்" என்றேன். தெரிந்த விஷயம் வாயில் வந்துவிட்டது. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மற்றதெல்லாம் தாங்கள் அறிந்ததே.

அவள் போன பிறகு நான் திருந்தியிருப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை, கோபம் வந்தது. நான் சொன்னது சரி என்று காட்டுகிறேன் பார் என்று, கிடங்குக் கதவுகளுக்குப் போடும் தடித்த ரப்பர் பட்டையை வாங்கி வந்து இந்தக் கதவைச் சுற்றி அடித்தேன். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கையும் அடைத்தேன். ஜன்னலுக்குத் தெர்மாகோல் பலகை வைத்து வெள்ளித் தாள் ஒட்டினேன். ஏசியின் சுவிட்சைக் கூட ஹாலுக்கு மாற்றினேன். கதவைச் சாத்தினால் வெளியே இடி இடித்தாலும் உள்ளே கேட்காது. மீட்டர் அப்படியே படுத்துவிட்டது. கிடங்காக இருந்தால் இரண்டாவது கேடயம் கொடுத்திருப்பார்கள். மீட்டருக்கு முன்னால் நின்று, "பாத்தியா?" என்று சத்தமாகக் கேட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. அந்த நிமிடத்தில்தான் மச்சான் எனக்கு உறைத்தது. ஒரு குண்டு பல்பு அளவு சூடு என்று நான் கணக்குப் போட்டது குறைந்துவிட்டது, அதனால்தான் மீட்டர் மெதுவாக ஓடுகிறது. அது எனக்குச் சந்தோஷமாக இல்லை. இருபத்தாறிலேயே எனக்குக் குளிர ஆரம்பித்துவிட்டது. சாப்பாடு என்ற ஒற்றைச் சொல்லையும் சொல்ல ஆளில்லாத வீட்டில் எத்தனை டிகிரி இருந்தால் என்ன?

இந்த நிலையில்தான் காலையில் தாங்கள் போன் செய்தீர்கள். வைத்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் வந்ததும் நான் எப்படி மாறியிருக்கிறேன் என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டாள், என் வாய் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. செயலில் காட்டலாம் என்று முடிவு செய்தேன். அவள் வரும்போது இந்த அறை முதல் நாள் இருந்ததுபோல ஜில்லென்று இருக்க வேண்டும், கையை நீட்டிக் கண்ணை மூடி நிற்க வேண்டும். மதியமே ஏசியைப் போட்டு, என் வாழ்நாளில் முதல் முறையாகப் பதினெட்டில் வைத்தேன். ரிமோட்டை அந்த நாற்காலியின் மேல் வைத்தேன், வந்ததும் அவள் கையில் கொடுப்பதற்காக. கிடங்கில் பழகிய பழக்கம், இந்த அறைக் கதவின் வெளிப்பக்கத்தில் "குளிர்விக்கப்படுகிறது, திறக்காதீர்" என்ற பலகையையும் மாட்டினேன். வீட்டில் நான் ஒருவன்தான், யாருக்காக மாட்டினேன் என்று கேட்காதீர்கள். படுக்கை விரிப்பு, போர்வை எல்லாம் துவைத்து வெளியே காய்கிறது. அறை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே வந்தேன், கதவு சாத்திக்கொண்டது. திரும்பிப் போக இழுத்தேன். ரப்பர் விடவில்லை. கதவு நிலையில் ஒரு காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தேன். கைப்பிடி வந்துவிட்டது, கதவு வரவில்லை.

கத்தினேன், தட்டினேன், தோளால் இடித்தேன். உள்பக்கம் திறக்கும் கதவை உள்ளிருந்து இடித்தால் இன்னும் இறுகுமே தவிர வேறொன்றும் நடக்காது என்பது மூன்றாவது இடியில் ஞாபகம் வந்தது. ரிமோட் வெளியே, சுவிட்ச் வெளியே, போன் வெளியே. மின்சாரம் மிச்சம் பிடிக்க நான் எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையும் வெளியே நின்றுகொண்டு, உள்ளே பதினெட்டு டிகிரி ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் ஜன்னல் தெர்மாகோலில் ஒரு மூலையைப் பிய்த்துக் கீழே பார்த்தேன். வக்கீல் முற்றத்தில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"சார், உள்ள மாட்டிக்கிட்டேன் சார்" என்று கத்தினேன்.

நிமிர்ந்து பார்த்தார். முதலில் என் கையில் குடை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "எழுத்து மூலமா குடுங்க" என்றார்.

"கதவு தொறக்க மாட்டேங்குது. நாலு மணிக்கு என் சம்சாரமும் மச்சானும் வராங்க. வாசல்ல நின்னு விஷயத்தச் சொன்னீங்கன்னா போதும்."

"நான் ஏன் உங்க சார்பா பேசணும்? எழுதிப் போடுங்க, வர்றவங்ககிட்ட குடுத்துடறேன். தேதி இருக்கணும், கையெழுத்து இருக்கணும்."

ஒரு வரியில் எழுதித்தான் முதலில் போட்டேன். உள்ளே மாட்டிக்கொண்டேன், கதவைத் தள்ளவும் என்று. ஜன்னலுக்கு அடியிலேயே அந்த ஏசிப் பெட்டி இருக்கிறதல்லவா, பதினெட்டு டிகிரிக்கு உழைக்கிற வேகத்தில் அது விட்ட சூட்டுக் காற்றில் சீட்டு மேலே போய், சுற்றி, மதிலைத் தாண்டித் தெருவில் விழுந்து, ஒரு சைக்கிள் சக்கரத்தோடு போய்விட்டது. என் சூட்டுக் காற்றே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அதனால் இம்முறை இந்தக் கைப்பிடியில் சுற்றிக் கட்டிப் போடப்போகிறேன். பறக்காது. வக்கீலை எழுந்து தள்ளி உட்காரச் சொல்லியிருக்கிறேன். அதையும் எழுத்தில் கேட்டார், ஜன்னலிலிருந்து கைகாட்டி விளக்கினேன், ஒத்துக்கொண்டார்.

இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று நினைப்பீர்கள். கதவைத் தள்ளுங்கள் என்ற ஒரு வரி போதும்தான். ஆனால் அந்த ஒரு வரியைப் பார்த்துத் தாங்கள் கதவைத் தள்ளினால், நான் வெளியே வருவேன், அவள் எதிரே நிற்பாள், நான் வாயைத் திறப்பேன், மறுபடி ஏதாவது விளக்கம் சொல்லிவிடுவேன். எழுதும்போதுதான் மச்சான் நான் விளக்கம் சொல்லாமல் இருக்கிறேன்.

ஆகவே தங்களைச் சாட்சியாக வைத்து எழுதிக் கொடுக்கிறேன். ரிமோட் இனி அவள் கையில். சுவிட்ச் பழைய இடத்துக்கே வரும். பதினெட்டோ பதினாறோ, அவள் வைப்பதே டிகிரி. கட்டணச் சீட்டு வந்தால் நான் மூச்சு விட மாட்டேன். தையல் மெஷின் இந்த அறைக்குள்ளேயே வரும், இஸ்திரிப் பெட்டியும் வரும், வேண்டுமானால் அடுப்பே வரட்டும். மணியைக் கழற்றிக் கிடங்கிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அந்த நாற்காலி இனி வீட்டில் இருக்காது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எதிர் வீட்டுக் கதையைச் சொல்லலாம், குளிர் எல்லாம் வெளியே போனாலும் சரி. போகாமல் இருந்தால் போதும் என்று நான் நினைப்பது இப்போது குளிரை அல்ல.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு மணி ஆகப்போகிறது. அவள் தெருமுனையில் வந்துகொண்டிருப்பாளோ, வாசலில் மணி அடித்துவிட்டாளோ, எனக்குத் தெரியாது, ரப்பர் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. தயவுசெய்து அவள் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அவரு வேணும்னு திறக்காம இல்ல, திறக்க முடியாம இருக்காரு என்று சொல்லுங்கள். வாசல் சாவியைத் தாங்கள் வாங்கித் திறந்து, உள்ளே வந்து, பலகையைப் பார்த்துப் பயப்படாமல் தள்ளுங்கள். நான் அவளிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன்.

தங்கள் கிளினிக்கில் கூட்டம் குறையாமலும், தங்கள் வீட்டில் யாருக்கும் பல் வலி வராமலும் இருக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பெரியவர் என்ற முறையில் தங்கள் ஆசியையும், முடிந்தால் ஒரு கம்பளியையும் வேண்டும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
(தேதியும் கையெழுத்தும் வக்கீல் கேட்டபடி மறுபக்கத்தில் உள்ளன.)

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்களுக்கு அவசரமாக ஒரு நோயாளி வந்துவிட்டதால் அவள் மூன்று மணிக்கே தனியாக வந்துவிட்டாளாம். வாசலில் மணி அடித்திருக்கிறாள். நான் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். பிறகு, சொன்ன சொல்லை விட்டுவிட்டு, தானே சாவி போட்டு உள்ளே வந்திருக்கிறாள். படுக்கையறைக் கதவில் பலகையைப் பார்த்து, நான்கு மணிக்கு நானே திறந்துகொண்டு வருவேன் என்று காத்திருக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவள் கதவுக்கு அந்தப் பக்கம், அந்த நாற்காலியில், மடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முன்பு இடித்த இடியெல்லாம் அவள் வருவதற்கு முன்னால் நடந்தது, அதனால் அதுவும் அவளுக்குத் தெரியாது. நான்கு அடித்ததும், "நான் வர்றேன்னு தெரிஞ்சும் வெளிய எட்டிப் பாக்கலையே" என்று அவளுக்குக் கோபம் வந்து, இடுப்பால் ஒரு இடி இடித்தாள். கதவு திறந்துகொண்டது. வா என்று சொல்ல வாயைத் திறந்தேன். பற்கள் தந்தியடித்ததில் "வ, வ, வ" என்றுதான் வந்தது. "சரி, சரி, வந்துட்டேன்" என்றாள்.

கடிதத்தைக் கையிலிருந்து பிடுங்கி, அறை வாசலில், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி முழுவதும் படித்தாள். மணி அலறிக்கொண்டே இருந்தது. படித்து முடித்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் அண்ணன்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே. பல் வலின்னு சொல்லித்தான் போனேன். அவரு பாத்துட்டு நெசமாவே ஒரு பல்லு சொத்தைன்னு அடைச்சு விட்டாரு. உருளைக்கிழங்கு விஷயத்த வெளிய சொல்ல எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு. நீங்க ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்கீங்க" என்றாள். தாங்கள் போனில் கவனித்திருக்க வேண்டும் என்று சொன்னது பல்லைப் பற்றி என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கிழித்துவிடலாம் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. "அனுப்புங்க. அதுதான் உங்களுக்குத் தண்டனை" என்றாள். வக்கீலே தங்கள் கிளினிக் பக்கம் போகிறாராம், வாசலில் வந்து தேதியையும் கையெழுத்தையும் சரிபார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நான் கொடுத்த வாக்குறுதிகளையும் அவள் ஏற்கவில்லை. பதினெட்டைப் பார்த்ததும், "கரண்ட் என்ன சும்மாவா வருது?" என்று கேட்டு, ரிமோட்டால் இருபத்தாறுக்கு ஏற்றிவிட்டுப் பேனைப் போட்டாள். தங்கள் கிளினிக் குளிரில் அவளுக்கு ஒரு வாரமாகக் காது வலியாம். "உங்க கணக்கு எதுவும் தப்பில்ல. அதுல என்னையும் சேத்ததுதான் தப்பு" என்றாள். நான் பதில் சொல்லவில்லை மச்சான், இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பின்குறிப்பை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நடுக்கம் நிற்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவு. அறைக் கதவு விரியத் திறந்து கிடக்கிறது, குளிர் எல்லாம் ஹாலுக்கு வந்துகொண்டிருக்கிறது. மணி அலறுகிறது. அதற்கு மேல் குரலை உயர்த்தி, எதிர் வீட்டம்மா அன்றைக்கு வந்து என்ன சொன்னார் என்பதை அவள் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் மணியை நிறுத்தப் போகவில்லை.